மிச்சம் எரிந்தால் விரயம் நீங்குமா?

உணவை வீணாக்கக் கூடாது என்பது நம் வீட்டுச் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. கீழே விழுந்த கவளத்தைத் துடைத்து உண்ணவும், உண்ட தட்டை வழித்து உண்ணவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். வீண் விரயத்தைத் திருமறை வன்மையாகக் கண்டிக்கிறது. இதில் இரண்டு கருத்துக்கு இடமே இல்லை.

எனினும் நம் காலத்தில் இவ்விஷயத்தில் புதிய கேள்வி ஒன்று தோன்றியிருக்கிறது. மிஞ்சிய சோற்றையும் காய்கறித் தோலையும் ஒரு தொட்டியில் இட்டு, அதிலிருந்து அடுப்பெரிக்கும் வாயுவை எடுக்கும் முறை இன்று வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் வந்துவிட்டது. அதைக் காட்டி ஒருவர் இப்படி வாதிடலாம்: “விருந்தில் நான்கு தேக்சா பிரியாணி மிஞ்சியது உண்மைதான். ஆனால் அதை நாங்கள் குப்பையிலா கொட்டினோம்? தொட்டியில் போட்டோம், வாயு வந்தது, அதில் மறுநாள் சமையலும் நடந்தது. எதுவும் வீணாகாதபோது இதை இஸ்ராஃப் என்று எப்படிச் சொல்வது?”

கேட்பதற்கு நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆகவேதான் இதைச் சற்று நின்று ஆராய வேண்டியிருக்கிறது.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். காற்றுப் புகாத ஒரு தொட்டியில் சாணத்தையோ உணவுக் கழிவையோ நீரில் கரைத்து விட்டால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை உண்டு செரிக்கின்றன. ஒருவகை நுண்ணுயிர் உணவைப் புளிக்கச் செய்து அமிலமாக்குகிறது. இன்னொரு வகை அந்த அமிலத்தை உண்டு மீத்தேன் வாயுவை வெளிவிடுகிறது. இவ்வாறு கிடைப்பதில் 100க்கு 55 முதல் 65 பங்கு மீத்தேன். மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. இது புகையின்றி நீலச் சுடராக எரியும். மிஞ்சும் கரைசல் வயலுக்கு நல்ல எருவாகும். நம் நாட்டு வெப்பம் இந்த நுண்ணுயிர்களுக்கு நன்கு ஒத்துப்போகிறது.

இது நம் நாட்டுக்குப் புதியதன்று. பம்பாய் மாட்டுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே மனிதக் கழிவிலிருந்து வாயு எடுத்துப் பயன்படுத்தினர். மிதக்கும் மூடி கொண்ட சாண எரிவாயுக் கலனை ஜஷ்பாய் படேல் 1950களில் உருவாக்கினார். அதைக் கதர் கிராமத் தொழில் ஆணையம் ஊர் ஊராகக் கொண்டு சென்றது. ஆனால் அது மாடு வைத்திருப்பவனுக்கே உதவியது. மாடில்லாத ஏழையும் பட்டணத்துக் குடும்பமும் என்ன செய்வது? புனேயைச் சேர்ந்த ஆனந்த் கார்வே 2003இல் இதற்கு வழி கண்டார். சாதாரண பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகக் கவிழ்த்து, சமையலறைக் கழிவையே தீனியாக்கினார். அவருடைய நிறுவனத்துக்கு 2006இலும், கேரளத்தில் இதே பணியைச் செய்த ‘பயோடெக்’ நிறுவனத்துக்கு 2007இலும் ஆஷ்டென் விருது கிடைத்தது.

சுத்தமா, அசுத்தமா?

இங்கே சிலருக்கு ஒரு தயக்கம் எழும். “அழுகியதிலிருந்தும் சாணத்திலிருந்தும் வரும் வாயுவில் சமைத்த உணவை உண்பது கூடுமா?” என்று அவர்கள் கேட்பார்கள். இத்தயக்கத்தை ஏளனம் செய்யக் கூடாது. சுத்தத்தைப் பேணும் உள்ளத்திலிருந்து எழும் கேள்வி அது.

வீட்டுக் கழிவில் பெரும்பகுதி கழுநீரும் வடிகஞ்சியும் காய்த்தோலும் பழத்தோலும் ஊசிப்போன சோறும்தாம். இவை நஜீஸானவை அல்ல. ஊசிப்போன உணவு உண்ணத் தகாததாகலாம். ஊசிப்போன காரணத்தால் மட்டும் அது நஜீஸாகிவிடாது. தொட்டியைத் தொடங்கும்போது நுண்ணுயிர்களுக்காகச் சாணம் கரைத்து ஊற்றுவார்கள். கேள்வி எழுவது அதில்தான். மாட்டுச் சாணம் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளின்படி நஜீஸ். மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளிலோ உண்ண ஆகுமான பிராணிகளின் சாணம் சுத்தமானது.

ஒரு பொருள் தன் தன்மை முற்றாக மாறி வேறொரு பொருளாகிவிட்டால் அதன் சட்டமும் மாறிவிடும் என்பது ஹனஃபி மத்ஹபில் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கருத்து. நஜீஸ் எரிந்து சாம்பலானால் அந்தச் சாம்பல் சுத்தமே என்பது இதைச் சார்ந்த மஸ்அலா. ஷாஃபி மத்ஹபில் இவ்விதி மிகக் குறுகியது. மது தானாகவே காடியாவது போன்ற சிலவற்றுக்கே அது பொருந்தும். ஆயினும் நஜீஸிலிருந்து நெருப்பின் துணையின்றி எழும் ஆவி சுத்தமானதே என்று அம்மத்ஹபின் நூல்கள் கூறுகின்றன. கழிப்பிடத்திலிருந்து எழும் ஆவியை அதற்கு உதாரணமாகவும் காட்டுகின்றன. தொட்டியில் வாயு நெருப்பின்றித்தானே எழுகிறது! இதற்கும் மேலாக, வறட்டி எரித்துச் சமைத்த உணவைத்தானே தலைமுறை தலைமுறையாக நம் முன்னோர் உண்டு வந்தார்கள்? தொட்டிக் கரைசல் உடையில் பட்டால் கழுவிக்கொள்ள வேண்டும் என்ற பேணுதல் மட்டும் போதும். மேற்கொண்டு ஐயமிருப்பவர்கள் தத்தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.

ஆக, வாயுவின் சுத்தத்தைப் பற்றிப் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் இருப்பது நம் உள்ளத்தின் சுத்தத்தில்தான்.

கடற்கரையில் ஒளு

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஒரு பொருள் வேறு உருவில் திரும்பப் பயன்பட்டுவிட்டால் விரயம் என்ற குற்றம் நீங்கிவிடுமா?

இதற்கு ஒளுவின் சட்டத்திலேயே விடை இருக்கிறது. ஒருவர் கடற்கரையில் அமர்ந்து ஒளுச் செய்கிறார். அவர் அள்ளி ஊற்றும் தண்ணீர் மீண்டும் கடலிலேயே போய்ச் சேருகிறது. ஒரு சொட்டும் குறையவில்லை, யாருக்கும் நஷ்டமில்லை. ஆயினும் கடலோரத்தில் இருந்தாலும் தண்ணீரை மிதமிஞ்சிச் செலவிடுவது கூடாது என்பதில் உலமாக்கள் ஒன்றுபட்டிருப்பதாக இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

தண்ணீர் குறைவதுதான் குற்றம் என்றால் கடலோரத்தில் குற்றமே இருக்க முடியாது. ஆகவே இஸ்ராஃப் என்பது பொருளுக்கு நேரும் நஷ்டத்தை மட்டும் வைத்து அளக்கப்படுவதன்று. தேவைக்கு மேல் கை நீளுகிறதே, அந்த நீட்சியிலேயே அது தொடங்கிவிடுகிறது. கடலோரத்தில் ஒளுச் செய்பவரிடம், “தண்ணீர் எங்கும் போகவில்லையே” என்ற சாக்கு எடுபடாது. விருந்து வைத்தவரிடம் மட்டும், “சோறு எங்கும் போகவில்லையே, தொட்டிக்குத்தானே போனது” என்ற சாக்கு எடுபடுமா?

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். சத்தியத்தை முறித்தவனுக்கு மார்க்கம் கஃப்பாராவை விதித்திருக்கிறது. பத்து ஏழைகளுக்கு உணவளிப்பது அதன் வழிகளில் ஒன்று. பத்துப் பேருக்குச் சோறு போட வசதி இருக்கிறது என்பதற்காக ஒருவன் நாள்தோறும் பொய்ச் சத்தியம் செய்யத் துணியலாமா? பரிகாரம் இருப்பது தவறுக்கு அனுமதிச் சீட்டாகாது. தவறிப்போனவன் மீண்டு வருவதற்கே பரிகாரம். தொட்டியையும் இவ்விதமே கொள்ள வேண்டும்.

உலகக் கணக்கிலும் அந்த வாதம் நிற்காது. ஒரு கிலோ அரிசியை அப்படியே தொட்டியில் இட்டு, அது நன்கு செரித்தாலும், கிடைக்கும் வாயு ஏறத்தாழ முக்கால் கன மீட்டரைத் தாண்டாது. ஒரு கன மீட்டர் வாயு சுமார் மூன்றரைக் கிலோ விறகுக்கு ஈடு. அப்படியானால் ஒரு கிலோ அரிசிக்கு இரண்டரைக் கிலோ விறகின் பலன் கிடைக்கும். மண்ணெண்ணெய்க் கணக்கில் அரை லிட்டருக்கும் குறைவு. அந்த ஒரு கிலோவை விளைவிக்க 2,500 லிட்டர் அளவில் தண்ணீர் செலவாயிற்று. அதைச் சோறாக்கவும் விறகு எரிந்தது. எட்டுப் பத்துப் பேரின் ஒருவேளைப் பசி அதில் அடங்கியிருக்கும். இத்தனையையும் கொடுத்துவிட்டு இரண்டரைக் கிலோ விறகை வாங்கிக்கொண்டு, “நான் எதையும் வீணாக்கவில்லை” என்று ஒருவர் சொன்னால், தேக்கங்கதவை உடைத்துத் தேநீர் போட்டவரும் அவ்வாறே சொல்லிக்கொள்ளலாமே!

தொட்டிக்கும் திகட்டும்

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. நம் விரயத்தை மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும், தொட்டி அதைத் தாங்கிக்கொள்வதில்லை!

முன்பு சொன்ன இரண்டு வகை நுண்ணுயிர்களில் அமிலத்தை உண்டாக்குபவை வேகமாக வேலை செய்பவை. அந்த அமிலத்தை மீத்தேனாக்குபவை நிதானமானவை. நாள்தோறும் அளவாகத் தீனி இட்டால் இரண்டும் ஒத்துப்போகும. விருந்துக்கு மறுநாள் மலைபோல் சோற்றைக் கொட்டினால் அமிலம் பெருகி, தொட்டி புளித்துப் போகும். மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். துர்நாற்றம் எழும், அடுப்பில் சுடர் நிற்காது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் தீனியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். எண்ணெயும் கொழுப்பும் எலுமிச்சைத் தோலும் அதிகமானாலும் இதே கதிதான்.

கறவை மாட்டுக்குத் தீனி வைப்பது போல நேரத்துக்கு, அளவாக, அன்றாடம் இட்டால்தான் தொட்டி பலன் தரும். ஒருநாள் விருந்தின் மிகைக்கு அது பரிகாரமாகும் என்று நம்புகிறவர் மார்க்கத்தையும் அறியவில்லை, தொட்டியையும் அறியவில்லை. மிதம் என்பது மனிதனுக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று போலும்!

கெய்ரோ தரும் பாடம்

“சரி, விருந்து மிச்சம் வேண்டாம். காய்த்தோலும் பழத்தோலும் எல்லா வீட்டிலும் உண்டு. அவற்றையாவது யோசனையின்றித் தொட்டியில் போடலாமல்லவா?” என்று கேட்கலாம். போடலாம். ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று அந்தத் தோலை யார் எடுத்துச் செல்கிறார்கள்? அதனால் பிழைப்பவர் யார்?

அல்அஸ்ஹர் பள்ளிவாசல் இருக்கும் கெய்ரோ மாநகரில் வீடுதோறும் குப்பை எடுப்பவர்களை ‘ஸப்பாலீன்’ என்று அழைப்பார்கள். முகத்தம் குன்றின் அடிவாரத்தில் குடியிருக்கும் அவர்களில் பெரும்பாலோர் காப்டிக் கிறிஸ்தவர்கள். பல்லாண்டுகளாக அவர்கள் கைவண்டியிலும் கழுதை வண்டியிலும் குப்பையை அள்ளி, காகிதம், தகரம், பிளாஸ்டிக் என்று பிரித்து விற்று வந்தார்கள். உணவு எச்சத்தைத் தாங்கள் வளர்த்த பன்றிகளுக்குப் போட்டார்கள். 2009இல் பன்றிக் காய்ச்சல் பற்றிய அச்சம் உலகெங்கும் பரவியபோது, நாட்டிலிருந்த பன்றிகள் அனைத்தையும் கொன்றுவிடும்படி எகிப்து அரசு ஆணையிட்டது. சுமார் 3 லட்சம் பன்றிகள் என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு. அந்நோய் பன்றிகளிடமிருந்து அங்கே பரவியதாகச் சான்று எதுவும் இருக்கவில்லை.

விளைவு என்ன? உணவு எச்சத்தைச் சுமந்து சென்று அவர்களுக்கு இனி ஆவது ஒன்றுமில்லை. எடுப்பதை நிறுத்தினார்கள். அவ்வாண்டிலேயே மாநகரத் தெருக்களில் அழுகல் குவியத் தொடங்கியது.

பன்றி நமக்கு ஹராம், அதில் பேச்சில்லை. ஆனால் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறு. கோடிக்கணக்கானோர் வாழும் அம்மாநகரம் தன் எச்சத்தை யாரோ சில ஏழைகள் தலையில் ஏற்றிவிட்டு, தான் சுத்தமாக இருப்பதாக எண்ணியிருந்தது. அந்த ஏழைகளின் பிழைப்பு போன பிறகுதான் தன் அழுக்கு எவ்வளவு என்பது அதன் கண்ணுக்குத் தெரிந்தது.

அக்காலத்தை ஒட்டித்தான் தாமஸ் குல்ஹேன் என்பவரின் ‘ஸோலார் சிட்டீஸ்’ குழுவினர், புனேயில் கார்வே செய்து காட்டிய முறையைப் பின்பற்றி, கெய்ரோவின் ஏழைக் குடியிருப்புகளில் சிறு எரிவாயுத் தொட்டிகளை அமைத்துக் காட்டினார்கள். குப்பை சுமந்தவர்களின் வீட்டிலேயே குப்பையிலிருந்து அடுப்பெரிந்தது. இதுவன்றோ முறை! எச்சத்தைச் சுமப்பவர் ஒருவர், அதன் பலனை அடைபவர் வேறொருவர் என்றிருந்தால் அது நீதியாகாது.

நம் ஊருக்கும் இது பொருந்தும். பக்கத்து வீட்டு விதவைத் தாய் இரண்டு ஆடு வளர்க்கிறார். நம் வீட்டு வாழைத்தோலும் கழுநீரும் அவற்றுக்குத் தீனியாகிப் பாலாகவும் இறைச்சியாகவும் மாறுகின்றன. தொட்டி வந்துவிட்டது என்று அதை நிறுத்துவது அவருடைய வாயிலிருந்து பறிப்பதற்கு ஒப்பாகும்.

புகையில் நிற்பவர் யார்?

இவ்வளவும் சொன்னதனால் தொட்டியே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அது இன்னொரு அநீதியாகும்.

விறகு, வறட்டி, கரி ஆகியவற்றின் புகையால் வீட்டுக்குள் நச்சாகும் காற்று 2020ஆம் ஆண்டில் 32 லட்சம் பேரின் மரணத்துக்குக் காரணமானதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இந்தப் புகையை மிகுதியாகச் சுவாசிப்பவர்கள் பெண்களும் அவர்கள் இடுப்பிலிருக்கும் குழந்தைகளும். நாம் குப்பையில் கொட்டுவதோ அங்கும் சும்மா இருப்பதில்லை. குவியலின் அடியில் அழுகி அதே மீத்தேனை வெளியில் விடுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அது கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்குகிறது. ஓரிடத்தில் அடுப்புக்கு எரிபொருளின்றி ஒரு தாய் புகையில் இருமுகிறாள். வேறோர் இடத்தில் அந்த எரிபொருளே யாருக்கும் பயனின்றிக் காற்றில் கலந்து கேடு செய்கிறது. மிஞ்சவிட்டது முதல் தவறு என்றால், மிஞ்சியதை அழுகவிடுவது இரண்டாவது தவறு.

ஆனால் இங்கேயும் உண்மையை மறைக்காமல் பேச வேண்டும். ஐந்து பேர் கொண்ட ஏழை வீட்டில் நாளொன்றுக்கு ஈரக் கழிவு ஒரு கிலோ சேர்ந்தால் பெரிது. அதில் சுமார் 100 லிட்டர் வாயு கிடைக்கலாம். சிறிய அடுப்பு ஒன்று மணிக்கு 200 லிட்டருக்கு மேல் எரிக்கும். ஆக அரைமணி நேரத்துக்கும் குறைவாகவே சுடர் நிற்கும். பாலும் தேநீரும் காய்ச்சலாம். இருவேளைச் சமையல் ஆகாது. விரயம் செய்ய வழியில்லாத ஏழையின் வீட்டில் தொட்டிக்குப் போடவும் ஒன்றுமில்லை! தீனி இருப்பது மண்டபத்திலும் விடுதியிலும் சந்தையிலும். எரிபொருள் வேண்டியிருப்பது குடிசையில்.

இந்த இடைவெளியை இணைப்பது தனி மனிதர் வேலையன்று, ஜமாஅத்தின் வேலை. மஹல்லாவின் காய்கறிச் சந்தையிலும் மதரஸா சமையற்கட்டிலும் அன்றாடம் சேரும் கழிவை ஒன்றாகத் திரட்டினால், நோன்புக் கஞ்சி காய்ச்சவும் மதரஸா மாணவர்களின் சமையலுக்கும் அந்த வாயு உதவும். தொட்டிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கே அதன் வாடையில் முதற்பங்கு கிடைக்கிறது. வாயுவிலும் அவர்களுக்கு முதற்பங்கு கொடுப்பதுதான் நியாயம். யாராவது ஒருவரைப் பொறுப்பாளராக்கி, அவருக்கு உரிய கூலியும் கொடுக்க வேண்டும். திறப்பு விழா நடத்திப் பெயர்ப்பலகை மாட்டிவிட்டு, ஆறே மாதத்தில் துருப்பிடிக்க விட்டுவிடுவது பலர் கொடுத்த பணத்துக்குச் செய்யும் துரோகமாகும். அது அமானிதம், அதைப் பற்றியும் நாளை விசாரணை உண்டு.

முறையான வரிசை

ஆகவே நாம் பேண வேண்டிய வரிசை இதுதான். முதலில், அளவறிந்து சமைப்பது. தலை எண்ணி அரிசி போடுவதும், சஹனில் குறைவாக வைத்துக் கேட்கக் கேட்கப் பரிமாறுவதும் கஞ்சத்தனமல்ல. அடுத்து, மிஞ்சினால் சூடாறிக் கெடுமுன்பே, மரியாதையோடு மனிதருக்குக் கொடுப்பது. ஊசிப்போகத் தொடங்கிய பின் ஏழை வீட்டுக்கு அனுப்புவது தர்மமாகாது. அதற்கடுத்து, ஆடு மாடு கோழிகளுக்கு. அவையும் உண்ணாததும் உண்ணத் தகாததும் தொட்டிக்கு. தொட்டி செரித்துக் கழித்தது மண்ணுக்கு.

இந்த வரிசையில் எந்தப் படியும் மேற்படியின் இடத்தைப் பிடித்துவிடக் கூடாது. தொட்டியில் போடும் ஒவ்வொரு கைப்பிடிக்கும் முன்னால், “இது இங்கே வரவேண்டியதுதானா?” என்று உள்ளம் ஒருமுறை கேட்குமானால், அந்தத் தொட்டி நம் வீட்டு அடுப்புக்கு மட்டுமின்றி நம் ஈமானுக்கும் ஒளி தரும்.

நமக்கு அளித்த ரிஜ்கின் மதிப்பை உணர்ந்து, அளவோடு உண்டு, பிறர் பசியை எண்ணி வாழும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.